நாவல் கொட்டை உருண்டை

நத்தம் பக்கத்தில் நாவல் பழம் விற்பவர் ஆண்டிச்சாமி. ஜூஸ் கடைக்காரர்கள் தூக்கிப் போடும் கொட்டைகளை அள்ளிவந்து, கழுவி, காயவைத்து, இடித்துப் பொடியாக்குவார். அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. "இந்தப் பொடி போதும், மாத்திரை வேண்டாம்" என்று ஒரே பிடியாக நின்றார்.

அவர் மனைவி அழகுமீனா நர்ஸம்மாவிடம் கேட்டாள். "கொட்டையில நல்லது இருக்குன்னுதான் ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா மாத்திரைக்குப் பதிலா ஆகாதும்மா" என்றார் அவர்.

பொடி தொண்டையில் ஒட்டுகிறதென்று, தண்ணீர் விட்டுப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டித் தருவது அழகுமீனாதான். ஆண்டிச்சாமி மெல்லாமல் மோரோடு விழுங்கிவிடுவார். நர்ஸம்மா சொன்ன அன்றிலிருந்து டாக்டர் எழுதிய மாத்திரையை ஒரு உருண்டைக்குள் ஒளித்து வைத்தாள். மூன்றே மாதத்தில் சர்க்கரை நூற்றறுபதுக்கு வந்துவிட்டது.

"பார்த்தியா, எல்லாம் என் பொடி."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் மேலூரிலிருந்து அவள் தம்பி கருத்தப்பாண்டி வந்தான். காலில் கட்டு. "அக்கா, மச்சான் சொன்னாருன்னு சர்க்கரை மாத்திரையை நிறுத்தி இருபது நாளாச்சு. புண்ணுதான் ஆற மாட்டேங்குது. பொடி ஒரு டப்பா குடு."

"தாராளமா எடுத்துக்க மாப்ளை. நாலு மணி பஸ் கண்டக்டர்கூட மாத்திரையை விட்டுட்டு இதைத்தான் வாங்கிட்டுப் போனாரு" என்றார் ஆண்டிச்சாமி, பெருமையாக.

டப்பாவை எடுக்கப் போன அழகுமீனா யோசித்தாள். உண்மையைச் சொன்னால், புருஷன் இனி அவள் கையால் உருண்டை வாங்க மாட்டார், மாத்திரையும் போச்சு. சொல்லாவிட்டால் தம்பி கால் என்னாகும்? இல்லை, தம்பிக்கும் இதே மாதிரி ஒளித்து உருட்டிக் கொடுத்துவிடலாமா?

நீங்களே சொல்லுங்கள், அவள் எதைச் செய்வது சரி?

விடை: சொல்லிவிடுவதுதான் சரி. தம்பிக்கு உருட்டிக் கொடுக்கலாம். கண்டக்டருக்கு யார் உருட்டுவது? அவள் இருவர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

"மூணு மாசமா என்னை ஏமாத்துனியா?"

"ஆமாங்க. அதனாலதான் என்னைத் திட்டத் தெம்பா இருக்கீங்க."

அவர் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரி மாப்ளை, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாலு மணி பஸ்ஸுலயே போவோம், அந்தக் கண்டக்டர்கிட்டயும் சொல்லணும்."