பச்சைக் கிழங்கும் பொரிக்கிற பெட்டியும்

கல்லூரணியில் மாசானம், அவர் தம்பி சொக்கையா, மச்சினன் அரியநாதன் மூவரும் கூட்டுச் சேர்ந்து, கோழிக்குஞ்சு பொரிக்கிற மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். உள்ளே இருபத்து நாலு முட்டை. இருபது நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அத்தனை நாளும் மூவரும் அதைத் தொடவில்லை.

இருபத்தோராம் நாள் காலையில், பெட்டிக்கு மின்சாரம் தருகிற அடாப்டரைச் சொக்கையா தொட்டார். சுட்டது. சூடாகாமல் பார்த்துக்கொள்ளும்படி விற்றவர் சொல்லியிருந்ததால், அதைப் பிடுங்கித் தண்ணீர்ப் பானைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அது சூடாகவே இல்லை.

அரியநாதன் பழைய சாமான் கடைக்கு ஓடி வேறோர் அடாப்டர் வாங்கி வந்தார். பன்னிரண்டு வோல்ட்டுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். ஆனால் மேலே ஓர் எழுத்துகூட இல்லை. நுனியில் இரண்டு கம்பி, இரண்டும் கறுப்பு. பெட்டியிலோ பிளஸுக்கு ஒரு திருகு, மைனஸுக்கு ஒரு திருகு.

எலக்ட்ரீஷியன் தாவீதுக்குப் போன் போட்டார்கள்.

"மாத்திக் கொடுத்தா பெட்டி புகைஞ்சிரும்" என்றார் தாவீது. "ஒரு பச்சை உருளைக்கிழங்குல ரெண்டு கம்பியையும் தள்ளித் தள்ளிக் குத்தி, ஸ்விட்சைப் போடுங்க. கால் மணி நேரத்துல எந்தக் கம்பிகிட்ட பச்சையாகுதோ அதுதான் பிளஸ்."

மூவரும் கிழங்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இது ஏற்கெனவே பச்சையாத்தானே இருக்கு" என்றார் மாசானம். "இனிமே பச்சையாகிறது நமக்கு எப்படித் தெரியும்?"

"அவிச்சிட்டா தெரியும் அத்தான்" என்றார் அரியநாதன். "வெந்த கிழங்குல எந்தப் பக்கம் வேகாத மாதிரி ஆகுதோ, அது பிளஸ்."

"தாவீது அண்ணாச்சி பச்சைக் கிழங்குன்னுல்லா சொன்னாரு?" என்றார் சொக்கையா.

"அவிக்கும்போது பச்சைதானே. அதுல தப்பில்ல."

அவித்தார்கள். குத்தினார்கள். கால் மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்துப் பார்த்தால், ஒரு கம்பியைச் சுற்றிப் பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு கறை.

"பூசணம்" என்றார் மாசானம். அந்த இடத்தைக் கவனமாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஆளுக்கொரு பக்கமாகக் கடித்துப் பார்த்தார்கள்.

பிறகு மறுபடியும் போன்.

"ஒரு பக்கம் பச்சையாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் பூப்போல வெந்திருக்கு. உப்புதான் கம்மி."

தாவீது கிழங்குப் பேச்சை விட்டுவிட்டார். "நான் வர சாயங்காலமாகும். அதுவரைக்கும் முட்டை குளிரக்கூடாது. கோழி மாதிரி அடைகாத்துக்கிட்டு இருங்க."

ஆளுக்கு எட்டு முட்டையை மடியில் துணி பொதிந்து வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் மூவரும் அடைக்கோழி போலக் கொரகொரத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு செல்வமேரியின் கையைச் சொக்கையா கொத்திவிட்டார்.

மூன்று மணிக்கு மாசானத்தின் மடியில் ஏதோ கிறீச்சிட்டது. அவர் மூச்சுக்கூட விடாமல் குனிந்து பார்த்தார். ஓட்டை உடைத்துக்கொண்டு ஓர் அலகு. தாவீது வந்து சேர்வதற்குள் பத்தொன்பது குஞ்சு; மிச்ச ஐந்தும் கூமுட்டை. மாசானத்தின் கண் கலங்கியிருந்தது. மடியில் குஞ்சுகள் இருந்ததால், தாவீதை எழுந்து கும்பிடக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

தாவீது புதிதாக ஒரு கிழங்கில் கம்பியைக் குத்தி, பிளஸைக் கண்டுபிடித்து, பெட்டியில் மாட்டினார். விளக்கு எரிந்தது. நாலு கிழங்கு மிச்சமிருந்தது. அதைச் சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த வழியாக வந்த தாவீது, காலியாக இருக்கவேண்டிய பெட்டியில் விளக்கு எரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தார். உள்ளே உருளைக்கிழங்கு, வட்ட வட்டமாக நறுக்கி அடுக்கியிருந்தது.

"என்ன இது?"

"பொரிக்கிற பெட்டிதானே அண்ணாச்சி. பொரிய விட்டிருக்கோம்" என்றார் மாசானம்.

சொக்கையா முகத்தில் மட்டும் கவலை. "தோலை உரிச்சிட்டோம் அண்ணாச்சி. ஓடு இல்லாம பொரியுமா?"