பெனிட்டாவின் மாவுக்கட்டும் ஒரு வாளிக் கருமணலும்

ஒரு வீட்டுச் சண்டையைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குமரிக் கடலோரத்தில் ஆட்டோ ஓட்டும் சூசையின் மகள் பெனிட்டா. பள்ளி அறிவியல் கண்காட்சி நெருங்கும் நேரத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடை வரை மாவுக்கட்டு. தண்ணீர் குடிக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும். இரும்புத் தாது கலந்த கருமணலைக் காந்தத்தால் முள்ளம்பன்றிபோல் சிலிர்க்க வைக்கிறேன் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தவள், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதை வீட்டிலேயே செஞ்சிருவோம் மக்ளே," என்றார் சூசை.

பெனிட்டா திரும்பினாள். "சரி. ஆனா மணலை எழுந்து நிக்க வைக்கிறவங்கதான் என் மாவுக்கட்டு மேல முதல்ல எழுதணும். அதுவரைக்கும் யாரும் பேனாவைத் தொடக் கூடாது."

சூசையின் அக்கா ரெஜினாள் கடற்கரைக்கு ஓடினாள். அலை பின்வாங்கிய இடத்தில் கறுப்புக் கோடாகப் படிந்திருந்ததை வழித்து ஒரு வாளி கொண்டுவந்தாள். வெள்ளை மணலும் கூடவே வந்துவிட்டது.

பாட்டில்லாமல் வண்டி ஓட்டத் தெரியாத சூசை, ஆட்டோவின் ஸ்பீக்கரையே கழற்றி உடைத்துக் காந்தத்தை எடுத்தார். வாளிக்குள் விட்டதும் கருமணல் மட்டும் அப்பிக்கொண்டது. தட்டினார், தேய்த்தார், உதிரவில்லை.

பெனிட்டாவின் அம்மா லீமா, அந்தக் காந்தத்தை அப்படியே ஒரு காலிப் பால் பாக்கெட்டுக்குள் போட்டு மணலில் முக்கினாள். வெளியே எடுத்து, பாக்கெட்டிலிருந்து காந்தத்தை உருவியதும் கருமணல் பொலபொலவென்று காகிதத் தட்டில் விழுந்தது.

கையெல்லாம் மணலாக நின்ற லீமா, "தட்டை நான் பிடிக்கேன். அடியில காந்தத்தை நீ காட்டு," என்றாள்.

பெனிட்டா காட்டினாள். மணல் முள் முள்ளாக எழுந்து நின்றது. அவள் கை போன பக்கமெல்லாம் போனது. வீடே கூச்சலிட்டது. அடுத்த நொடியே பேனாவுக்குச் சண்டை.

"மணல் நான் கொண்டு வந்தது," என்றாள் ரெஜினாள்.

"காந்தம் யாருதாம்?" என்றார் சூசை.

"போங்க மைனி! பால் பாக்கெட் இல்லேன்னா நீங்களும் உங்க தம்பியும் இன்னும் தட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க," என்றாள் லீமா.

சொல்லுங்கள், மாவுக்கட்டில் முதலில் எழுதும் உரிமை யாருக்கு?

விடை: பெனிட்டாவுக்குத்தான். அத்தை அள்ளினாள், அப்பா காந்தம் தந்தார், அம்மா பிரித்தாள்; எழுந்து நிற்க வைத்த கை அவளுடையது. பந்தயம் வைத்தவளுக்கு அதில் பங்கில்லை என்று யாரும் சொல்லவில்லையே! விழுந்த நாளிலிருந்து அவள் தானாகச் செய்த முதல் காரியமும் அதுதான். மூவரிடமிருந்தும் பேனாவை வாங்கிப் பெரிய எழுத்தில் எழுதினாள்: "சோதனை செய்தவர்: பெனிட்டா." இரண்டாம் இடத்துக்குச் சண்டை இன்னும் ஓயவில்லை.