நரி திறந்த தண்ணீர்ப் பந்தல்

கடலை ஒட்டி ஒரு காடு இருந்தது. மரங்கள் எல்லாம் குட்டை. பாதிக்கு மேல் முள். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. அந்த மேட்டின் அடியில் ஒரு பெண் வெளிமான் தன் குளம்பால் மணலைக் கீறி ஓர் ஊற்று வைத்திருந்தது.

ஊற்று என்றால் கிணறு மாதிரி பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு முழ ஆழம்கூட இருக்காது. அடியில் ஒரு கை தண்ணீர்தான் ஊறும். ஆனால் அது இளநீர் மாதிரி இனிக்கும். ஒரு பக்கம் உப்புக் கடல், மறுபக்கம் உப்பளம், வீசுகிற காற்றிலும் உப்பு. அத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு கை நல்ல தண்ணீரை ஆண்டவன் ஒளித்து வைத்திருந்தான்.

கத்திரி வெயில் வந்தால் காட்டில் இருக்கிற குட்டை வற்றிவிடும். அப்போது எல்லாரும் இந்த ஊற்றுக்குத்தான் வருவார்கள். ஒருவர் குடித்துவிட்டு நகர வேண்டும். மறுபடி ஊறும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை. தாகம் எல்லாருக்கும் ஒன்றுதானே!

காத்திருப்பதும் கஷ்டமாக இருக்காது. பக்கத்துப் பனைமரத்தில் ஒரு மைனா உட்கார்ந்து ஊர்ச் சேதி எல்லாம் சொல்லும்.

"கேளுங்க, கேளுங்க! குரங்கு மாமா நுங்குக் கடை போட்டாச்சு! ஒரு பிடி களாப்பழம் கொண்டு வந்தா ஒரு நுங்கு! உடும்பு அண்ணன் புதுப் பொந்துக்குக் குடி போறாரு. வெறுங்கையோட யாரும் வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈர மணல்லே நண்டுகளோட ஓட்டப் பந்தயம்! நேரா ஓடுறவங்களுக்குத்தான் பரிசு!"

"அப்போ யாருக்கும் பரிசு இல்லைன்னு சொல்லிடு!" என்றது வரிசையில் நின்ற முயல்.

எல்லாரும் சிரித்தார்கள். நரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் மைனா, என்னைப் பத்தி ஒரு சேதியும் வரலையே?" என்று கேட்டது.

"நீங்க ஏதாவது செஞ்சாத்தானே அண்ணே! நேத்து புதர்லே படுத்துத் தூங்கினீங்க. இன்னைக்கும் தூங்கினீங்க. இதை மரத்து மேலே ஏறி நின்னு எப்படிச் சொல்றது?"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. நரிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அது கெட்ட நரி இல்லை. யார் வாயிலிருந்தும் பிடுங்கித் தின்றது கிடையாது. ஆனால் தன் பேரைப் பத்துப் பேர் சொல்லக் கேட்க அதற்கு ஆசை. அன்று முழுக்க யோசித்தது. மறுநாள் காலையில் பனைமரத்தடிக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"மைனா! எழுதிக்கோ! நாளைக்கு நான் தண்ணீர்ப் பந்தல் திறக்கப் போறேன்!"

"எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத்தான் தெரியும்! திறப்பு விழா உண்டா? தலைமை யாரு?"

"உப்பளத்துப் பூநாரை அம்மா!"

"அடேயப்பா! அவங்களா? அந்தக் காலும் அந்தக் கழுத்தும் பார்க்கவே நாலு ஊர்க் கூட்டம் வருமே! அத்தனை பேருக்கும் தண்ணிக்கு எங்கே போவீங்க?"

நரி அப்போதுதான் அதை யோசித்தது. ஆனாலும் விடவில்லை. "பன்றி மச்சான் இருக்கான். ஊற்றை ஆழமாத் தோண்டினா தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டாதா!" என்றது.

இது மானின் காதில் விழுந்தது. அதற்குப் பத்து நாள் குட்டி ஒன்று இருந்தது. தாழம்புதர் நிழலில் அது காலை மடக்கிப் படுத்திருந்தது. மான் பதறிப்போய் ஓடி வந்தது.

"நரியண்ணே, தோண்டாதீங்க! மழைக்காலத்துத் தண்ணி மணலுக்குள்ளே இறங்கி, உப்புத் தண்ணி மேலே பாய் விரிச்ச மாதிரி மெல்லிசாப் படுத்திருக்கு. மேலாக்க வழிச்சா இனிக்கும். கீழே கிளறினீங்கன்னா உப்பு ஏறிடும்!"

"தங்கச்சி, நான் நல்ல காரியம்தானே செய்றேன்?"

"நல்ல காரியம்தான். யாரு இல்லேன்னா? இருக்கிற தண்ணியை வரிசையிலே கொடுங்க. என் முறையைக்கூட விட்டுத் தர்றேன்."

"நல்லா இருக்கு! விழாவுக்கு வந்தவங்களை உக்கார வெச்சு, 'இருங்க, இன்னும் ஊறலை'ன்னு சொல்லச் சொல்றியா? சிரிக்க மாட்டாங்க?"

அதற்குள் காட்டுப்பன்றி வந்துவிட்டது. மூக்கை ஆட்டிக்கொண்டே, "தோண்டுறதுக்குத்தானே எனக்கு ஆண்டவன் மூக்கைக் கொடுத்திருக்கான்! வேடிக்கை பாரு தங்கச்சி!" என்றது.

"அண்ணே, எனக்குப் பால் ஊறுறதே இந்தத் தண்ணியாலேதான். இது போச்சுன்னா என் குட்டி…"

குரங்குக்கும் பொறுமை இல்லை. விழா என்றால் நுங்குக் கடையிலும் நாலு பேர் கூடுதலாக நிற்பார்கள் அல்லவா! அது மானைப் பார்த்து, "என்னம்மா, ஊற்று உனக்கு மட்டும் சொந்தம்னு நெனைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டது.

அந்தப் பேச்சு மானுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படி அது ஒருநாளும் நினைத்ததில்லை. திரும்பிப் போய்க் குட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பன்றி பழைய ஊற்றிலேயே மூக்கை வைத்தது. மணல் பறந்தது. முதலில் அதன் முட்டி மறைந்தது. பிறகு வயிறு மறைந்தது. சாயங்காலம் பார்த்தால் வெளியே இரண்டு காது மட்டும் தெரிந்தது. திடீரென்று குபுகுபு என்று சத்தம். பன்றி நனைந்துபோய் மேலே ஏறி வந்தது.

"மச்சான்! தண்ணி! நிறைய தண்ணி!"

பள்ளத்தில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. நரி சந்தோஷத்தில் பன்றியைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தலைமை தாங்குகிறவர் குடிப்பதற்கு முன்னால் யாராவது வாய் வைத்தால் மரியாதையாக இருக்குமா?

மறுநாள் காலையில் பெரிய கூட்டம். நான்கு மூங்கில் நட்டு மேலே பனையோலை போட்டிருந்தார்கள். பூநாரை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது. அதன் கழுத்தில் அடப்பங்கொடி மாலை போட்டார்கள். கழுத்து நீளம் என்பதால் மாலை நழுவி நழுவிக் கீழே வந்தது. குரங்கு இரண்டு தடவை ஓடிப் போய்த் தூக்கிவிட்டது.

நரி கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு நீட்டியது. பூநாரை அலகை விட்டுக் குடித்தது. தலையை நிமிர்த்திச் சொன்னது:

"அருமை! எங்கள் பக்கத்துத் தண்ணீரைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது! நரியாரின் மனசு மாதிரியே இருக்கிறது!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். மைனா பனை உச்சிக்குப் பறந்து போய், "நரி அண்ணன் பந்தல்! நரி அண்ணன் பந்தல்!" என்று தொண்டை கட்டும் வரை கத்தியது. நரிக்குக் கண் கலங்கிவிட்டது. பூநாரை, "இன்னொரு விழா இருக்கிறது, வரட்டுமா?" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

அப்புறம்தான் முயல் குடித்தது. குடித்த வேகத்திலேயே தூ என்று துப்பியது.

"ஏய், விழா நடக்கிற இடத்திலே துப்புறியே, மரியாதை தெரியாதா?" என்று அதட்டிவிட்டுக் குரங்கு ஒரு வாய் குடித்தது. அதன் முகம் கோணிப்போனது. கொட்டாங்குச்சி கையிலிருந்து விழுந்தது.

"உப்பு! கரிக்குது! கடல் தண்ணி!"

"அதெப்படி? நல்லா இருக்குன்னு பூநாரை அம்மா சொன்னாங்களே!" என்றது பன்றி.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மான் மெல்லச் சொன்னது. "அவங்க பொய் சொல்லலை அண்ணே. பொறந்ததிலேயிருந்து உப்பளத்திலே நிக்கிறவங்க. அவங்க நாக்குக்கு இது நல்ல தண்ணிதான். நம்ம நாக்குக்குத்தான் இல்லை."

நரி ஓடிப் போய்ப் பள்ளத்தில் வாய் வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை. நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க அதற்குத் தைரியம் இல்லை.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி உண்டு. ஆனால் அரைநாள் நடக்க வேண்டும். வழியில் ஒரு மரம் கிடையாது. கால் பலமுள்ளவர்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். முயல் போயிற்று, குரங்கு போயிற்று, மைனாவும் போயிற்று. மானால் போக முடியவில்லை. பத்து நாள் குட்டி அந்தக் கொதிக்கிற தரையில் எப்படி நடக்கும்?

மறுநாள் மத்தியானம் நரி தாழம்புதர்ப் பக்கம் வந்தது. குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. முட்டும், சப்பும், விட்டுவிடும். திரும்ப முட்டும். மடியில் பால் இல்லை. மான் அதன் தலையை நக்கிக்கொண்டே இருந்தது. மான் திட்டியிருந்தால் நரிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"தங்கச்சி… நான் என்ன செய்யணும்? சொல்லு."

"அந்தப் பள்ளத்தை மூடுங்க அண்ணே. கிளறினதை அப்படியே அமுக்கி விடுங்க."

"அப்புறம்?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் உப்பு இன்னும் ஏறாம இருக்கலாம். ஆனா இப்பவே கீறக் கூடாது. கலங்கினது அடங்கணும்."

"எத்தனை நாளு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

நரி போய்ப் பன்றியை எழுப்பியது. இரண்டு பேரும் பொழுது சாயும்வரை மணலைத் தள்ளிப் பள்ளத்தை மூடினார்கள். பந்தலில் போட்ட பனையோலையைக் கொண்டுவந்து மான்குட்டிக்கு மேல் நிழலாகச் சாய்த்து வைத்தார்கள்.

ஆனால் நிழலைக் குடிக்க முடியுமா? நரிக்கு ஒரு யோசனை வந்தது. காட்டுக்கு வெளியே மனிதர்கள் தர்பூசணி போட்டிருந்தார்கள். அறுத்துக்கொண்டு போனது போக, வேண்டாம் என்று விட்ட பழங்கள் கொடியோடு கிடக்கும். ஆனால் அங்கே நாய்கள் உண்டு. நரி விடியும்போது போயிற்று. காதில் ஒரு கடி வாங்கியது. ஆனாலும் ஒரு பழத்தை விடவில்லை. அதைத் தூக்க முடியவில்லை, மூக்கால் உருட்டியது. மணலில் உருளும், நிற்கும். மேட்டில் பாதி தூரம் ஏறும், திரும்பக் கீழே போகும். நரியும் கீழே போய் மறுபடி உருட்டும். மூக்குத் தோல் உரிந்தது. உச்சி வெயில். பார்த்துப் பாராட்ட ஒரு ஈ காக்கை கிடையாது.

பழத்தை மானின் முன்னால் கொண்டுபோய்ப் பிளந்து வைத்தது. மான் சதையைத் தின்றது. நரி தோலை எடுத்துப் போய்த் தள்ளி உட்கார்ந்து நக்கியது. சாயங்காலம் குட்டி மடியை முட்டியது. இந்தத் தடவை அதன் வாயோரம் பால் நுரை வழிந்தது.

இப்படியே நான்கு நாள், நான்கு பழம். ஐந்தாம் நாள் அதிகாலையில் மான் எழுந்து மேட்டின் அந்தப் பக்கம் போனது. பின்னாலேயே நரியும் பன்றியும் போனார்கள்.

"நான் ஒரு மூக்கு வைக்கட்டுமா தங்கச்சி?" என்றது பன்றி.

"நீ பேசாம உக்காரு மச்சான்!" என்றது நரி.

பன்றி தன் மூக்கை மணலில் அழுத்திப் படுத்துக்கொண்டது. அதற்கே அதன் மூக்கின் மேல் நம்பிக்கை இல்லை.

மான் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குளம்பால் மெதுவாகக் கீறியது. ஒரு சாண். இன்னும் ஒரு நாலு விரல். அதோடு நிறுத்திவிட்டது. மணல் கறுத்தது. மினுமினுத்தது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ந்தது.

மான் குனிந்து நாக்கை வைத்தது.

"எப்படி இருக்கு?" என்றது நரி.

மான் குனிந்த தலையை நிமிர்த்தாமல், இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தது. குட்டி ஓடி வந்து அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டது.

மான் விலகி வழிவிட்டது. நரிக்கு இத்தனை நாள் தாகம். எட்டிப் பார்த்தது. பள்ளத்தில் ஈரம் மட்டும்தான் இருந்தது. நரி மணலில் காலை மடக்கி உட்கார்ந்து, ஊறட்டும் என்று காத்திருந்தது.

பேருக்காக அவசரப்பட்டுச் செய்கிற உதவி இருப்பதையும் கெடுத்துவிடும். அடுத்தவர் தாகத்தை நினைத்துப் பொறுமையாகச் செய்கிற உதவிதான் உயிரைக் காக்கும்.