ராஜா செருப்பைக் கழற்றிய நாள்

ஆழியூரைத் தெரியுமா உங்களுக்கு? தெரியலேன்னா அது உங்க குறை, எங்க ஊர்க் குறை இல்ல. கடல் தாண்டி வர்ற கப்பலெல்லாம் முதல்ல எங்க கரையைத்தான் தேடும். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி அந்த ஊரை வலம்புரிக்கோன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. தங்கமான மனுஷன்தான். ஆனா கோபம் மட்டும் மூக்குக்கு மேல வரும்.

அவருக்கு மந்திரி நல்லினி. அவங்க அப்பாவும் மந்திரியா இருந்தவரு. கப்பல்ல வந்த வியாபாரிங்ககிட்ட, "உங்க சாமிக்கும் இந்த ஊர்ல இடம் உண்டு"ன்னு வாக்குக் கொடுத்தவரே அவருதான். அதை நம்பி அரபு நாட்டுச் சோனகர்கள் ஒரு பள்ளிவாசல் கட்டினாங்க. சீனத்து வணிகர்கள் ஒரு அரசமரத்தைச் சுத்தி புத்த விகாரம் எழுப்பினாங்க.

ஒரு நாள் ராஜா ரத்தினம் பதிச்ச செருப்போட துறைமுகத் தெருவைப் பார்க்கக் கிளம்பினாரு. பள்ளிவாசல் காவலர் கைகட்டி நின்னு, "மகாராஜா, செருப்பை இங்கேயே விட்டுட்டு வரணும்"னாரு. ராஜா முகம் கறுத்துப்போச்சு. திரும்பி விகாரத்துக்குப் போனா, அங்கேயும் அதே பேச்சு!

"நம்ம கோயில்ல கழற்றுறேன், சரி. என் ஊர்ல, என் மண்ணுல, இவங்க வாசல்லயும் நான் கழற்றணுமா?"ன்னு சபையில வந்து குதிச்சாரு.

இதுக்காகவே காத்துக்கிட்டிருந்தாரு வித்தகராயர். சபைப் பண்டிதர். சடங்கு, நோன்பு, யாத்திரை, முக்தின்னு எந்தச் சொல்லைக் கேட்டாலும் மூச்சு விடாம விளக்கம் சொல்லுவாரு. மந்திரி நாற்காலி மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

"அரசே! புனிதம்னா என்ன? விக்கிரகம் இருக்கணும், மந்திரம் ஓதணும், குடமுழுக்கு நடந்திருக்கணும். அங்கே வெறும் சுவரு, இங்கே வெறும் மரம். இதுல புனிதம் எங்கேயிருந்து வந்துச்சு? ரெண்டையும் எடுத்துட்டு ஆனைக் கொட்டகை கட்டலாம்!"

"மகாராஜா, அது எங்கப்பா உங்க சிம்மாசனத்தின் பேரால கொடுத்த வாக்கு"ன்னாங்க நல்லினி.

"அப்படியா? வெறும் சுவத்துல புனிதம் உண்டுன்னு நாளைக்கு இதே சபையில காட்டு. காட்டலேன்னா கொட்டகை எழும்பும். உன் முத்திரை மோதிரமும் வித்தகராயர் விரலுக்குப் போகும்."

வித்தகராயருக்கு வாயெல்லாம் பல்லு.

மறுநாள் சபை நடுவுல பட்டுத்துணி போட்டு மூடின சாமான் ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல ரெண்டு தச்சர்கள், கையில ரம்பம்.

"பண்டிதரே, இதுக்குள்ள ஒரு பழைய வேப்பமரச் சாமான் இருக்கு. ஒரு கால் செல்லரிச்சது. இது புனிதமா, இல்லையான்னு நீங்களே சொல்லுங்க"ன்னாங்க நல்லினி.

"விக்கிரகம் உண்டா?"

"இல்ல."

"மந்திரம், குடமுழுக்கு?"

"ரெண்டும் இல்ல."

"அட, அப்புறம் என்னம்மா! விறகு!"

"அப்போ ஆனைக் கொட்டகைக்குத் தீவனத் தொட்டி செய்ய இதையே அறுக்கலாமா?"

"தாராளமா! முதல் அறுப்பு இதுலதான்! அரசே, உத்தரவு கொடுங்க." ராஜாவும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு.

நல்லினி துணியை உருவினாங்க. தச்சர் ரம்பத்தைத் தூக்கினாரு.

அது ஒரு தொட்டில். ராணியம்மாகிட்ட சொல்லி, அந்தப்புரத்துலேருந்து வாங்கிட்டு வந்தது. ராஜா கைக்குழந்தையா இருக்கும்போதே அவரைப் பெத்த அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அம்மா முகம்கூட அவருக்கு ஞாபகம் இல்ல. அந்தம்மா பிடிச்சு ஆட்டி ஆட்டி வழுவழுன்னு தேய்ஞ்ச அந்த விளிம்புதான் அவருக்கு மிச்சம்.

"நிறுத்து!"

ராஜா சிம்மாசனத்துலேருந்து பாய்ஞ்சாரு. கிரீடம் உருண்டு ஒரு பக்கம் போச்சு. ஓடிவந்து தொட்டிலை ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டாரு. "யாரும் தொடாதீங்க! எங்கம்மா கை பட்ட இடம்!" கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

நல்லினி மெதுவா கேட்டாங்க:

"மகாராஜா, உங்க செருப்பு எங்கே?"

ராஜா குனிஞ்சு பார்த்தாரு. வெறுங்கால்! ரத்தினச் செருப்பு ரெண்டும் சிம்மாசனத்துப் படியிலேயே கிடந்துச்சு. எப்போ கழற்றினாருன்னு அவருக்கே தெரியல.

"உங்களைக் கழற்றச் சொன்னது யாரு, அரசே? இந்த மரத்துல விக்கிரகம் இல்ல, மந்திரம் இல்ல. மத்தவங்க கண்ணுக்கு விறகு. ஆனா உங்க கால் தானா வெறுங்காலாச்சு. அந்தச் சுவத்துக்கு முன்னாடியும், அந்த மரத்துக்கு முன்னாடியும் வர்றவங்களுக்கும் அப்படித்தான்."

ராஜா தொட்டில் விளிம்பைத் தடவிக்கிட்டே பண்டிதர் பக்கம் திரும்பினாரு. அப்புறம், "வித்தகராயரே, இதை விறகுன்னீரே!"ன்னாரு. பண்டிதர் மெல்லத் தூணுக்குப் பின்னால நகர்ந்தாரு, பாவம்.

"உங்கப்பா கொடுத்தது இனி என் வாக்கு, நல்லினி"ன்னு சொல்லிட்டு ராஜா வாசலைப் பார்த்து நடந்தாரு. செருப்பை எடுத்துக்கிட்டு சேவகன் ஓடினான். வேணாம்னுட்டாரு. வெயில்ல, வெறுங்காலோட, துறைமுகத் தெரு வரைக்கும் நடந்தே போனாரு. "அரசே, யாத்திரைன்னு ஒரு சொல் இருக்கே, அது இதுதான்"னு நல்லினி கூடவே நடந்தாங்க. அந்த ராஜாவும் எங்க ராஜாதான், அந்த மந்திரியும் எங்க மந்திரிதான். இதைச் சொல்றப்போ இன்னைக்கும் எனக்கு நெஞ்சு நிமிருது!

வித்தகராயருக்கு என்ன தண்டனைன்னு கேக்குறீங்களா? அந்த ரெண்டு வாசல்லயும் மாறி மாறி உக்காந்து, வர்றவங்க செருப்பைக் காவல் காக்கணும். "எத்தனை நாளைக்கு, அரசே?"ன்னு அழாத குறையாக் கேட்டாரு. "புனிதம்கிற சொல்லுக்கு அர்த்தம் தெரியுற வரைக்கும்"னாரு ராஜா.

முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. உள்ளே போறவங்க முகத்தையும், திரும்பி வர்றவங்க முகத்தையும் பார்த்துப் பார்த்து கொஞ்சம் கொஞ்சமா பேச்சைக் குறைச்சாரு. ஒரு நாள் சாயங்காலம் ராஜா அந்தப் பக்கம் வந்தப்போ, செருப்பெல்லாம் வரிசையா இருந்துச்சு, காவல்காரரைக் காணோம். கடைசியில பார்த்தா, ஜரிகை வார் வச்ச பண்டிதர் செருப்பும் அதே வரிசையில இருந்துச்சு.

எந்த வாசல்லன்னு மட்டும் கேக்காதீங்க. ஆழியூர்க்காரன் எவனும் அதைச் சொல்லமாட்டான்.