குமிழ் வந்த இடம்

டாக்டர் தணிகாசலம் தன்னைவிட வயதில் மிகவும் இளையவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அவர்தான் மயக்க மருந்து நிபுணர் மெஹர்பானு; நகரத்து மருத்துவமனையில் ஒரு கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து, மலைமேல் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு வழிகாட்டுபவர்.

வந்த அன்றே தணிகாசலம் கேட்டார்.

"கைக்கு எட்டாத நோயாளியைக் காப்பாத்த முதல்ல எதைக் கத்துக்கணும், மேடம்?"

மெஹர்பானு வாய் திறப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. திரையில் மலையிலிருந்து டாக்டர் ஜெசிந்தா. முகமெல்லாம் வியர்வை.

"மேடம், தேயிலை பறிக்கிறவங்க. பேரு பூவாயி. குளவி கொட்டிடுச்சு. ஊசி போட்டும் தொண்டை வீங்கிக்கிட்டே போகுது. கீழே அனுப்ப நேரமில்லை."

"மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட்டுடலாம். நான் கூடவே இருக்கேன்."

நர்ஸ் தன் போனைப் பூவாயியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். ஜெசிந்தா குழாயைச் செலுத்தினார். நெஞ்சு எழவில்லை. குழாய் இரைப்பைக்குப் போகும் வழியில் இறங்கியிருந்தது.

"வெளியே எடுங்க. மாஸ்க் வச்சு ஆக்சிஜன் குடுங்க. அப்புறம் மறுபடி பார்ப்போம்."

மறுபடி பார்த்தபோது வீக்கம் இன்னும் கூடியிருந்தது. தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. மைக்கை இழுத்துக்கொண்டார்.

"இடது பக்கம்! இடது பக்கம் போங்க!"

மெஹர்பானு மைக்கை அவரிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"ஜெசிந்தா, உங்களுக்கு என்ன தெரியுது?"

"வீக்கம்தான் மேடம். வழியே தெரியலை."

குரல் உடைந்திருந்தது.

"சரி. வேற?"

ஜெசிந்தா மறுபடி குனிந்து பார்த்தார். ஆக்சிஜன் குறைவதைச் சொல்லும் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"வேற என்ன, ஜெசிந்தா?"

"மூச்சு விடறப்போ... ஒரு குமிழ் வருது மேடம். ரொம்பச் சின்னதா. வலது ஓரமா."

"காத்து அங்கேயிருந்துதான் வருது. இருக்கறதுலயே சின்ன டியூபை எடுங்க. அந்தக் குமிழ் மேலேயே போங்க."

தணிகாசலம் மூச்சு விட மறந்திருந்தார்.

"ஏறுது மேடம்! நெஞ்சு ஏறுது! ரெண்டு பக்கமும்!"

நர்ஸ் போனோடு குதித்திருக்க வேண்டும். திரையில் கூரையும் மின்விசிறியும் ஆடின. மணி நின்றது. வெளியே காத்திருந்த தோட்டத்துப் பெண்கள் போட்ட சந்தோஷக் கூச்சல் மலையிலிருந்து இந்த அறைவரை வந்தது. யாரோ "பூவாயி, பூவாயி" என்று கூப்பிட்டு அழுதார்கள். ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தார்.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் இதே திரையைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன். என் கண்ணுல படாத குமிழ் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, மேடம்?"

"என் கண்ணுலயும் படலை, சார்."

"அப்புறம் எப்படி?"

மெஹர்பானு முகம் மலரச் சிரித்தார்.

"ஜெசிந்தாகிட்ட கேட்டேன்."