இளவரசருக்கு முன் அனுபவம் உண்டா?

செம்பாற்று நாட்டை அமரகேசரி என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பசி வந்துவிட்டால் எந்த வழக்கையும் முழுதாகக் கேட்கமாட்டார். அவருடைய சபையில் அரச ஓலைகளை எழுதும் வேலை வடிவாச்சி என்ற பெண்மணிக்கு. ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தி அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் பேசி முடித்தபிறகு எதிராளியின் குரலும் உயர்ந்ததில்லை.

ஒருநாள், மன்னர் சாப்பிட எழுந்திருக்கும் நேரம். வணிகர் சங்கத் தலைவர் அம்பலவாணச் செட்டியார் சபைக்கு வந்து நின்றார். சாயத்துணி வியாபாரி. கையில் ஒரு வேட்டி. பாதி நீலம், பாதி மஞ்சள், நடுவே பெயர் தெரியாத ஒரு நிறம்.

பள்ளியில் படித்து முடித்த பிள்ளை ஒருவனை அவர் வேலைக்குச் சேர்த்திருந்தாராம். துணியை நீலத் தொட்டியில் முக்கச் சொன்னால், அவன் நீல நிறத்துக்கு உள்ள எட்டுப் பெயர்களையும் ஒப்பித்துக்கொண்டே மஞ்சள் தொட்டியிலும் முக்கிவிட்டானாம்.

பள்ளியின் தலைமை ஆசிரியர் சொக்கலிங்கனாரும் அங்கே இருந்தார். எட்டுப் பெயரையும் சரியாகச் சொன்னானா என்று மட்டும் கேட்டார். சொன்னான் என்றதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

செட்டியாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வேலையில் பத்தாண்டு பழகியவரைத் தவிர வேறு யாரையும் அந்த வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் போடவேண்டும் என்றார். சமையற்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. மன்னர் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

வடிவாச்சி எழுத்தாணியை எடுத்தாள். "எல்லா வேலைக்குமா அரசே?" என்று கேட்டாள்.

"எல்லா வேலைக்கும்தான்" என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டு மன்னர் சாப்பிடப் போனார்.

சட்டம் ஊருக்குள் வந்தது. அந்த வருஷம் பள்ளி முடித்த நாற்பது பேரும் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி, பத்தாண்டுப் பழக்கம் உண்டா என்று. யாராவது வேலை கொடுத்தால்தானே பழகமுடியும் என்று அவர்கள் கேட்டால், கடைக்காரர்கள் அடுத்த கடையைக் கைகாட்டினார்கள். வடிவாச்சியின் பக்கத்து வீட்டுப் பெண் பொன்னரசி நன்றாகக் கணக்குப் போடுவாள். அவள் மூன்று மாதம் அலைந்துவிட்டு, இருபது வயதில் தன்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்று அழுதாள். வடிவாச்சிக்கு அது மனத்தைப் பிசைந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய கை தன்னுடையதாயிற்றே.

கடைக்காரர்கள் மட்டும் சுகப்பட்டார்களா? பழகிய ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் இழுத்துக்கொண்டார்கள். செட்டியார் கடையில் துணி மூட்டை தூக்கியவருக்கு வயது எழுபத்திரண்டு. அவரைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இந்த நிலையில் மன்னருக்கு ஓர் ஆசை வந்தது. மகன் சேந்தனுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தவேண்டும். நியமன ஓலையைத் தயார் செய்யும்படி வடிவாச்சியிடம் சொன்னார்.

மூன்று நாளாகியும் ஓலை வரவில்லை. நான்காம் நாள் சபை கூடியதும் மன்னர் காரணம் கேட்டார்.

சட்டப்படி ஆள் தேடவேண்டியிருந்ததால் தாமதம் என்றாள் வடிவாச்சி. இளவரசர் குதிரை ஏறுவார், கவிதை சொல்வார். ஆனால் நாடாண்ட பழக்கம் ஒருநாள்கூட இல்லை. பத்தாண்டு ஆண்டவர் இந்த நாட்டில் மன்னர் ஒருவர்தான். ஆகவே வெளியே தேடினாளாம்.

"பொருத்தமானவர் ஒருவர் கிடைத்துவிட்டார் அரசே. ஆற்றுக்கு அக்கரையில் ஆளும் காளிங்க மன்னர். இருபத்து மூன்று ஆண்டு அனுபவம். இந்தச் சிம்மாசனத்தின் மேல் விருப்பமும் உள்ளவர். மூன்று முறை படையெடுத்து வந்து அதைத் தெரிவித்திருக்கிறார். அழைப்பு ஓலை எழுதிவிட்டேன். முத்திரை மட்டும்தான் பாக்கி."

மன்னரின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேச்சு இது? பிறக்கும்போதே யாருக்குப் பழக்கம் இருக்கும்? என் மகன் என் பக்கத்தில் இருந்து, செய்து செய்து கற்றுக்கொள்வான்."

வடிவாச்சி புதிய ஓலை ஒன்றை எடுத்தாள். "இதை அப்படியே சட்டமாக எழுதிக்கொள்ளட்டுமா அரசே?"

மன்னர் அவளைப் பார்த்தார். செட்டியாரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவளிடம் கொடுத்தார். பழைய சட்டம் அங்கேயே கிழிபட்டது.

புதிய சட்டப்படி, பள்ளியின் கடைசி இரண்டு வருஷமும் காலையில் பாடம், மாலையில் கடையிலும் பட்டறையிலும் வேலை. வாரம் ஒருநாள் கடைக்காரர்கள் பள்ளிக்கு வந்து தங்கள் தொழிலைச் சொல்லித்தரவேண்டும். சொக்கலிங்கனாரும் ஒரு மாதம் சாயப் பட்டறையில் நிற்கவேண்டும். அவர் போய் நின்றார். நீலத்துக்கு எட்டுப் பெயர் தெரிந்த அவருக்கு, நீலத் தொட்டி எது என்று பொன்னரசிதான் காட்டினாள். செட்டியார் பட்டறையில் முதலில் சேர்ந்தவள் அவள்தான்.

ஆனால் சட்டத்தைப் படித்த அன்றே செட்டியார் ஒரு சந்தேகம் கேட்டார். பிள்ளைகள் பழகும்போது கெட்டுப்போகிற துணியை யார் தாங்குவது என்று.

"என் மகன் பழகும்போது கெட்டுப்போகிற நாட்டை யார் தாங்குவது? நான்தானே?" என்றார் மன்னர். "நீர் துணியைத் தாங்கும் செட்டியாரே."

அந்த வருஷம் செட்டியாருக்குப் பதினேழு வேட்டிகள் வீணாயின. இளவரசர் ஒருநாள் காலையில் அக்கரையோடு போர் தொடங்கப் பார்த்தார். அப்பா பக்கத்திலேயே இருந்ததால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது அக்கரைக்கு அனுப்பிய ஒரு பலாப்பழக் கூடையோடு சமாதானமாக முடிந்தது.