மீசைக்காரரும் மறையாத சூரியனும்

ஒரு ஊரிலே ஒரு மீசைக்காரர் இருந்தார். ஊர் தென்காசி. அவருடைய திருப்பெயர் செண்பகராமன். கீழரத வீதி சங்கரலிங்கம் அவர்களின் மூத்த குமாரர். கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு நிறைந்து அறுபத்தேழு நடப்பு. தெருமுனையில் அவர் திரும்பினால் முதலில் மீசை திரும்பும். அதற்குப் பின்னால்தான் அவர் திரும்புவார். அப்பேர்ப்பட்ட மீசை. ம் கொட்டு, கண்ணு. அப்போதுதான் கதை நகரும்.

ம். நல்லது.

அவருடைய மனைவி பெயர் ஆவுடையம்மாள். மகள் சிவகாமி, மருமகன் திருமலையப்பன், பேத்தி நறுமுகை மூவரும் சென்னைவாசிகள். கோடை விடுமுறை விட்டதும் ரயில் பிடித்துத் தென்காசிக்கு வந்துவிடுவார்கள். வந்துவிட்டால் வீடு வீடாக இராது, கடைத்தெருவாக மாறிவிடும். காலையில் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிவார்கள். ஆவுடையம்மாள் குழலை அழுத்தினால் கிர்ர்ர், கிர்ர்ர் என்று சுருள் சுருளாக விழும். காக்கை விரட்டும் உத்தியோகம் செண்பகராமனுக்கு. குடையைப் பிடித்துக்கொண்டு உஸ், உஸ் என்று உட்கார்ந்திருப்பார். காக்கை தின்றது போக அவர் தின்ற பச்சை மாவு கொஞ்சமன்று. மத்தியானம் நுங்கு, சளக். அப்புறம் தாயம், கட்டையை உருட்டினால் கலகலகல. சாயங்காலம் மாடித் தரையில் தண்ணீர் தெளித்தால் சுர்ர்ர் என்று சூடு எழும்பும். அங்கேயே பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுப்பார்கள்.

ஆனால் அந்த வீட்டிலே ஒரு சட்டம் உண்டு. சூரியன் மறைய வேண்டும், விளக்கு ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் இராச்சாப்பாடு. பகலெல்லாம் பிள்ளைகள் முறுக்கும் மாம்பழமுமாகக் கொறித்துத் திரிகிற கோடையில், ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று செண்பகராமனே போட்ட சட்டம் அது. காய்ச்சலிலும் அதை அவர் மீறியதில்லை; ரயிலிலும் மீறியதில்லை. அதிலே அவருக்கு மகா பெருமை. பெருமை வந்தால் கை தானாக மீசைக்குப் போகும்.

அப்போ ஒருநாள் தாயம் ஆடிக்கொண்டிருக்கையில் திருமலையப்பன் சொன்னான்: "மாமா, இந்த வருஷம் எல்லாருமா ஐரோப்பா போறோம். டிக்கெட் எடுத்தாச்சு."

ஆவுடையம்மாளின் தம்பி பூதலிங்கம் அங்கேதான் சுவரில் சாய்ந்திருந்தான். அடுத்த தெருக்காரன்; அத்தானைச் சீண்டாவிட்டால் அவனுக்கு உண்ட சோறு செரிக்காது.

"அத்தான், அங்கயும் விளக்கு வச்சுத்தான் சாப்பிடுவீகளோ?"

"சூரியன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதாம்லே."

"மீறிட்டீகன்னா?"

"மீறினா இந்த மீசைய எடுத்துருதேன்."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க," என்றான் பூதலிங்கம். வேறொன்றும் பேசாமல் காய் நகர்த்தினான். எப்போதும் வாயடிக்கிறவன் அன்றைக்கு அத்தனை சீக்கிரம் அடங்கியதைக் கண்டு யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரும் படவில்லை.

ம். தூங்கிவிடாதே, இனிமேல்தான் விமானம் ஏறுகிறார்கள்.

அங்கே விடுதி அறைகளில் தீ மூட்டக் கூடாது என்பதால் சிவகாமி ஒரு பேட்டரி விளக்கு வாங்கிப் பெட்டியில் வைத்தாள். கூடவே சின்ன மின்சாரக் குக்கர், அரிசி, ரசப்பொடி, அந்த வருஷத்து வடாம் ஒரு டப்பா. விமானம் ஊய்ய்ய் என்று எழும்பியது. இறங்கினால் பாரிஸ் மாநகரம்.

அன்றைக்கு அவர்கள் இரும்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். "இதுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறது யாரு?" என்று ஆவுடையம்மாள் கவலைப்பட்டாள். ஆற்றிலே படகில் போனார்கள். பாலத்துக்குப் பாலம் குனிய வேண்டுமோ என்று செண்பகராமன் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். அப்புறம் அறைக்குத் திரும்பிச் சோறு வடித்து, சாம்பார் வைத்து, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஜன்னலைப் பார்த்தால் நம் ஊர் மூன்று மணி வெயில்.

"மறையட்டும்," என்றார் செண்பகராமன்.

பிள்ளைக்கு விலக்கு உண்டு, நறுமுகை சாப்பிட்டாள். சிவகாமியும் அவள் புருஷனும் கொட்டாவி விட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். சட்டத்தை அவர்களுக்கு அவர் தளர்த்திவிட்டார். பந்தயம் அவருடைய மீசைக்குத்தானே. ஆவுடையம்மாள் மட்டும் தட்டைத் தொடவில்லை. அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட்ட வழக்கம் கல்யாணமான நாளிலிருந்து கிடையாது.

திருமலையப்பன் மெல்ல எழுந்து கனத்த திரையைச் சரக்கென்று இழுத்துவிட்டான். அறை இருண்டுவிட்டது.

"மாமா, இருட்டிருச்சு."

செண்பகராமன் எழுந்து திரையைத் திருப்பி இழுத்தார். பளீர். "அது பாவம், அங்கதான் நிக்கு. திரையைப் போட்டா சூரியன் போயிருமா?"

மணி பத்தை நெருங்குகிற போதுதான் சூரியன் மனமில்லாமல் இறங்கியது. டக்கென்று விளக்கைப் போட்டார்கள். சாம்பார் ஆறிக் கெட்டியாகியிருந்தது. செண்பகராமன் மீசையைத் தடவிக்கொண்டே உண்டார்.

ம். ஒன்று ஆயிற்று.

அப்புறம் நார்வே தேசம். மலையடிவாரத்திலே ஒரு துறைமுகப் பட்டணம். சிவப்பும் மஞ்சளுமாக மரவீடுகள், தீப்பெட்டி அடுக்கினாற்போல. மலைமேல் ஏறுகிற சின்ன ரயிலில் ஏறினார்கள். அது படுத்துக்கொண்டே ஏறுகிறது என்று நறுமுகை சொன்னாள். மத்தியானம் வாங்கிய ரொட்டியின் நடுவில் மீன் இருந்தது. ஆவுடையம்மாள் மேல் ரொட்டியைக்கூடத் தொடாமல் ஒரு ஆப்பிளைக் கடித்துச் சமாளித்தாள். சாயங்காலம் தயிர்சாதமும் பொரித்த வடாமும். வடாம் பொரிகிற சத்தம் சொய்ய்ய் என்று கேட்டதும் ஆவுடையம்மாளின் கண் தானாக அந்தப் பக்கம் போயிற்று. சூரியன் ஜன்னலிலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

நறுமுகை தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"தாத்தா, நம்ம ஊர்ல இப்ப இருட்டாத்தானே இருக்கும்? அந்த இருட்டுக்கு விளக்கு போட்டுருவோமா?"

"நான் எங்க நிக்கேனோ அந்த ஊரு சூரியன்தான் கணக்கு, தங்கம். அந்த ஊர் இருட்டுல இந்த ஊர் ஆளு சாப்பிட்டா நியாயமா?"

"அப்ப ஆச்சி?"

"ஆச்சிக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் ஆவுடையம்மாள். ஆனால் வயிறு கொர்ர் என்றது, எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்குச் சூரியன் இறங்கும்போது பதினொன்றை நெருங்கிவிட்டது. வடாம் நமத்துப்போய்த் துணி மாதிரி மடங்கியது. செண்பகராமன் அதையும் மென்றார். மீசையைத் தடவினார். ஆவுடையம்மாள் இரண்டு வாய் தின்றுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்தாள்.

ம். இரண்டு ஆயிற்று. இனி மூன்றாவது.

மூன்றாவது ஊர் அதற்கும் வடக்கே, பூமியின் உச்சந்தலைக்குப் பக்கத்தில். வைகாசி மாதத்திலே மலையெல்லாம் பனி, வெள்ளை வெளேரென்று. குளிர் காற்று விர்ர்ர் என்று காதுக்குள் புகுந்தது. பகல் முழுவதும் கடலோரம் நடந்தார்கள். அன்றைக்கும் ஆவுடையம்மாளுக்கு ஒரு ஆப்பிள்தான் பகல் ஆகாரம். ஒரு மீன்பிடிப் படகிலிருந்து இன்னொன்றுக்குப் பறவைகள் கீ கீ என்று பறந்தன. நடுவழியில் ஆவுடையம்மாள் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"கால் வலிக்கா?" என்றார் செண்பகராமன்.

"கால் இல்ல," என்றாள் அவள்.

அறைக்கு வந்து ரசமும் அப்பளமும் தயாரானபோது மணி எட்டு. செண்பகராமன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சூரியன் மலைக்கு மேலே ஜம்மென்று நின்றது. வாசலிலே அந்த விடுதிக்காரர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செண்பகராமன் இறங்கிப் போய், மருமகனைப் பேசச் சொல்லிக் கேட்டார்: சூரியன் எப்போது மறையும்?

விடுதிக்காரர் வானத்தைப் பார்த்தார். நாட்காட்டியை நினைத்துப் பார்த்தார். ஏதோ சொன்னார். திருமலையப்பன் தலையைச் சொறிந்தான்.

"என்ன சொல்லுதாரு?"

"ஜூலை மாசக் கடைசியிலன்னு சொல்றார், மாமா."

"இப்ப மே மாசம்லா நடக்கு?"

"ஆமா, மாமா."

பூந்தொட்டியில் தண்ணீர் வழிந்தது, சளசள.

"மாப்ளே, இந்த ஊருக்கு வரப்போறோம்னு பூதலிங்கத்துக்குத் தெரியுமா?"

"பந்தயம் போட்டதுக்கு முந்தின நாள் பூதலிங்கம் மாமா எங்கிட்ட வந்து, எந்தெந்த ஊருன்னு ஒண்ணு விடாமக் கேட்டுக்கிட்டார். ஆசையாக் கேக்கிறார்னுதான் நெனச்சேன்."

"அவனா ஆசையாக் கேப்பான்," என்றார் செண்பகராமன்.

இதைக் கேட்கிற உனக்கே சிரிப்பு வருகிறதல்லவா? அவருக்கு வரவில்லை. படியேறி உள்ளே போனார். தட்டுகளுக்கு முன்னால் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. சுவரைப் பிடித்தபடி எழப்பார்த்தவளுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. தொப்பென்று மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஆவுடை, நீ சாப்பிடு. பந்தயம் எனக்குத்தான். நான் ரொட்டியும் தண்ணியுமா நாளைக்குப் பகல்ல பாத்துக்கிடுதேன். நாளன்னைக்கு நாம வேற ஊருக்குப் போயிருவோம்லா."

"நீங்க சாப்பிடுங்க, நானும் சாப்பிடுதேன்."

"விளக்கு வைக்கலயே."

ஆவுடையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. குரலில் அதற்குத் தெம்பும் இல்லை.

"இத்தனை வருஷமா நான் விளக்குக்காகவா காத்திருந்தேன்னு நெனச்சீங்க? உங்களுக்காகல்லா இருந்தேன்."

குக்கரிலிருந்து ஆவி புஸ் என்று போயிற்று.

செண்பகராமனுக்கு ஜன்னல் கண்ணாடியில் தம் முகம் தெரிந்தது. மீசை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வெள்ளிக் கம்பியாக மின்னியது. இந்தப் பக்கம் திரும்பினால் ஆவுடையம்மாள். அவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார், ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தார். மூன்றாவது முறை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். மனைவியின் தட்டில் தம் கையாலேயே சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டார். அப்புறம் தம் தட்டிலும் போட்டுக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டேயிருக்க, முதல் கவளத்தைத் தம் வாயில் வைத்தார்.

சூரியன் அப்படியே நின்றது. ஒன்றும் சொல்லவில்லை.

ஆவுடையம்மாளும் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டாள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள், சர்ர் என்று. கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் ஊறியது. "உப்பு கம்மி," என்று மகளைக் குறை சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் கம்பியில் தொங்குகிற பெட்டியில் ஏறி மலையுச்சிக்குப் போனார்கள். கீழே கடல், தீவு, பாலம், பொம்மை வீடுகள். சூரியன் கடலின் மேலே, தட்டில் வைத்த பணியாரம் போலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. இறங்குகிற எண்ணமே அதற்கு இல்லை. ஆவுடையம்மாள் பனியை ஒரு கை அள்ளித் தம்பியின் பெயரைச் சொல்லி வீசினாள். ஏனென்று கேட்டதற்கு, "அவன் மேல பட்டா சரி," என்றாள்.

திரும்பி வந்ததும் செண்பகராமன் மருமகனிடம் கை நீட்டினார். "மாப்ளே, சவரக்கத்தி."

"மாமா, இதை யாரும் கேக்கப் போறதில்ல. பூதலிங்கம் மாமாட்ட நான் பேசிக்கிறேன்."

"நான் கேப்பேன்லா."

சரக், சரக், சரக். மூன்று இழுப்பு. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நறுமுகை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தாத்தா, உங்களுக்கு மேல் உதடு இருந்துச்சா?"

ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. "கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மூஞ்சியை நான் பாக்கல," என்றாள். பிறகு பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு."

அப்போ தென்காசிக்குப் படத்தோடு பேசுகிற போன் போட்டார்கள். அங்கே எல்லோரும் உறங்கிவிட்ட வேளை. ஆனாலும் முதல் மணியிலேயே பூதலிங்கம் எடுத்துவிட்டான். பாவி, காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். திரையில் தெரிந்த முகத்தை ஒரு கணம் பார்த்தான். மரியாதையாகச் சொன்னான்:

"சார், கொஞ்சம் எங்க அத்தான்ட்ட குடுங்க."

"நாந்தாம்லே."

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. இவ்வளவு சீக்கிரம் ஜெயிப்போம் என்று அவன் நினைத்திருக்கவில்லை போலும்.

"எப்படி அத்தான் தோத்தீக? நீங்க பட்டினி கெடந்தாவது ஜெயிப்பீகன்னுல்லா நெனச்சேன்."

"ஒங்க அக்காவுக்குப் பசிச்சுதுலே."

பூதலிங்கம் கொஞ்சம் யோசித்தான். "அப்படின்னா இதைத் தோல்வில சேக்க வேண்டாம், அத்தான்."

"தோல்விதான். சேத்துக்கோ," என்றார் செண்பகராமன். வழக்கப்படி கை மேலே போயிற்று, அங்கே ஒன்றுமில்லை, மழுமழுவென்றிருந்த உதட்டையே ஒருமுறை தடவிக்கொண்டார். "நாளைக்கும் தோப்பேன்."

ம்... சத்தமே காணோம். கதை கரை சேர்ந்தது, கண்ணு. நீயும் தூக்கத்தில் கரை சேர். பந்தயம் தீர்ந்த நாளை மட்டும் காதில் போட்டுக்கொள்: விசுவாவசு ஆண்டு, வைகாசித் திங்கள் பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை.